மேலே எதுவும் எழுத வேண்டாம்

செப்டம்பர் மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம். தில்லி மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியில் நாலடி நீள அட்டைப் பெட்டி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. அடிப்பக்கம் நனைந்து ஊறி, விரல் வைத்தால் குழி விழுந்தது. கொண்டு வந்த பையன் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நான் கதவைத் திறப்பதற்குள் தெருவில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கினேன். உள்ளே கனமாக ஏதோ ஒன்று உருண்டு மறுகோடியில் போய் 'டங்' என்று இடித்தது. அதைத் தொடர்ந்து, முறத்தில் கேழ்வரகு சரிவது போல ஒரு சரசரப்பு.

செல்போனைப் பார்த்தேன். கூரியர் கம்பெனியின் செய்தி நல்ல தமிழில் வந்திருந்தது: "உங்கள் பொருள் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டது."

இந்த மாதிரி வாக்கியங்களை எழுதிப் பிழைப்பவள் நான். பத்திரிகை வேலை போக மீதி நேரத்தில் மொழிபெயர்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஆன்லைன் விற்பனைக் கம்பெனிக்காக, வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசி, வாடிக்கையாளருக்கான செய்திகள் முழுவதையும் தமிழாக்கினேன். ஆங்கில மூலத்தில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று மட்டுமே இருந்தது. தமிழில் அது மொட்டையாகத் தெரிந்ததால் 'பத்திரமாக' என்பதை நானே சேர்த்தேன். ஒரு வார்த்தைக்குக் கூடுதல் காசும் கிடைத்தது.

பெட்டியில் இருந்தது துப்பாக்கி. காற்றுத் துப்பாக்கிதான். என் மகளுக்காக வாங்கியது. அவளுக்கு அப்போது 17 வயது. ஒன்பது நாளில் போட்டி.

வீட்டில் துப்பாக்கி வாங்குகிற வம்சமல்ல எங்களுடையது. கும்பகோணத்துப் பக்கம் என் தாத்தா பாம்பு அடிக்கிற தடிக்கு மேல் ஆயுதம் வைத்துக்கொண்டதில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குப் புறநானூற்று வேலும் வாளும் தெரியும், 4.5 மில்லிமீட்டர் தெரியாது. மகள் பள்ளியில் விளையாட்டாக ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, "கை நிற்கிறது மேடம், மூச்சும் நிற்கிறது" என்றார். பயந்துபோனேன். பிறகுதான் அது பாராட்டு என்று புரிந்தது.

10 மீட்டர் ஏர் ரைபிள் என்பது பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் தராத விளையாட்டு. ஒரு பெண் இறுக்கமான கோட்டை மாட்டிக்கொண்டு தூண் மாதிரி நிற்பாள். எப்போதாவது 'டப்' என்று சத்தம் வரும். ஆனால் அந்த இலக்கைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மொத்த வட்டமும் 45.5 மில்லிமீட்டர், அவ்வளவே. நடுவில் 10 புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியைச் சுட்டுத்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் தமிழ்ப் பெண் என்பதால் என் மகளுக்கு இளவேனிலிடம் தனிப் பாசம். எனக்கோ அவருடைய அப்பாவின் பெயர்மேல். திருக்குறளின் முதல் அதிகாரத்துச் சொல்லைத் துப்பாக்கிப் போட்டியின் பெயர்ப் பலகையில் பார்க்க யார் எதிர்பார்த்தார்கள்?

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். அடுத்த வாரமே மகளின் பயிற்சிக் கூடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. பொது ரைபிளுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சொந்தமாக ஒன்று வேண்டும் என்றாள். வெளிநாட்டு ரைபிள் என்றால் லட்சக்கணக்கில். இந்தியாவில் தயாரானது ஒன்று, என் மூன்று மாத மொழிபெயர்ப்பு வருமானத்துக்குள் அடங்கியது. வேறொரு மாநிலத்தில் உள்ள கடை, ஆன்லைனில் விற்கிறார்கள்.

உரிமம் வேண்டாமா என்று கேட்காதவர் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் 7 அல்லது 8 ஜூல்தான். அதற்காக அது பொம்மை அல்ல. ஒரு கண்ணைப் போக்க அது போதும். கடைக்காரர் வயதுச் சான்று கேட்டார். மகளுக்கு 18 ஆகவில்லை என்பதால் என் ஆதாரைக் கொடுத்து என் பெயரிலேயே வாங்கினேன். சட்டப்படி அந்தத் துப்பாக்கிக்காரி நான்தான்.

பேரம் பேசாமல் வாங்க நமக்கு வராது. போனில் அரைமணி நேரம் இந்தியில் வாதாடி ஆயிரம் ரூபாய் குறைத்தேன். அனுப்பும் செலவு அவருடையது என்றேன். "பஹன்ஜி, இதில் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு ஒப்புக்கொண்டார். ஜெர்மனியில் செய்த ஈயக் குண்டு, 500 கொண்ட டப்பா நான்கையும் அதே பெட்டியில் வைத்து அனுப்பச் சொன்னேன். கடைசியாக ஒரு நிபந்தனை: "பெட்டிக்கு மேலே எதுவும் எழுத வேண்டாம். துப்பாக்கி என்றோ, உங்கள் கடைப் பெயரோ, எதுவும்." வீட்டுக்காரர் மேல்மாடியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பஞ்சாபி. வாடகை ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. எதற்கு வம்பு?

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு சுற்று குமிழ் பிளாஸ்டிக் தாள். அதுவும் துப்பாக்கியின் நடுப்பகுதிக்கு மட்டும், துண்டு கட்டியது போல. மற்ற இடமெல்லாம் கசக்கிய இந்தி செய்தித்தாள். காற்று அடைக்கும் உலோக சிலிண்டரை விதிப்படி காலி செய்து, கழற்றித் தனியாக வைத்திருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் அதை எதனோடும் சேர்த்துக் கட்டவில்லை. நான்கு நாள் பயணத்தில் அது அம்மிக் குழவி மாதிரி முன்னும் பின்னும் உருண்டு, தோளில் வைக்கும் மரக்கட்டையைப் போகும்போது ஒரு இடி, வரும்போது ஒரு இடி என்று இடித்திருக்கிறது. கைப்பிடியை ஒட்டி நெடுக ஒரு விரிசல். பெட்டியை வெளியே எறிந்தவர்கள் செய்த சேதம் மூலை நசுங்கியதோடு சரி. உள்ளே நடந்த நாசம் முழுக்க உள்ளே இருந்த பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்துகொண்டவை.

குண்டு டப்பாக்களில் இரண்டு தப்பின. இரண்டு நசுங்கி மூடி கழன்று, ஏறக்குறைய ஆயிரம் குண்டுகள் பெட்டி முழுக்கச் சிதறியிருந்தன. கூடத்துத் தரையில் சாம்பல் நிறக் கடுகு கொட்டியது போலப் பரவின. நான் துடைப்பத்தை எடுத்தேன். "அம்மா, தொடாதே! அது ஈயம்!" என்று மகள் கத்தினாள். பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத் துணியால்தான் ஒற்றி எடுக்க வேண்டும். முடித்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைக்குள் வரக் கூடாது. என் வீட்டில் எனக்கே தீட்டு.

இந்தக் குண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருண்டையாக இருக்காது. தட்டையான தலை, குறுகிய இடை, கீழே விரிந்த பாவாடை. அரை கிராம் எடை. பாவாடைப் பகுதி வெற்றிலை நரம்பு அளவுக்கு மெல்லியது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அது குழலோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் குண்டு நேராகப் போகும். விளிம்பு துளி கோணினாலும் 10 மீட்டர் தூரத்தில் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளி தப்பிவிடும். அதனால்தான் உயர்ந்த ரகக் குண்டுகளைப் பஞ்சுத் தட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்து, மாதுளை முத்துப் போல அடுக்கி விற்கிறார்கள். எங்களுடையது மூடியில்கூட ஒரு டேப் ஒட்டாமல் வந்திருந்தது.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகி தில்லி வந்த புதிதில் வருஷா வருஷம் ஆவக்காய் ஊறுகாய் ரயிலில் வரும். பீங்கான் ஜாடி. வாயில் எண்ணெய்த் துணி, அதன்மேல் தட்டு, கழுத்தைச் சுற்றிச் சணல். பிறகு அப்பாவின் பழைய வேட்டியில் நான்கு சுற்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, வாளியை ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் மறுபடி திணிப்பாள். "உள்ளே ஆடக் கூடாது, வெளியே எவன் போட்டாலும் கவலையில்லை" என்பாள். நாக்பூரில் யாரோ காலால் தள்ளியிருப்பார்கள், ஜான்சியில் யாரோ அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததில்லை.

அன்றிரவே கடைக்காரருக்குப் படங்கள் அனுப்பினேன். பதில் ஒரே வரி: "அன்பாக்சிங் வீடியோ இருக்கிறதா?" பெட்டியைப் பிரிக்கும்போதே படம் பிடித்திருக்க வேண்டுமாம். கல்யாண வீட்டில்கூட இத்தனை வீடியோ எடுப்பதில்லை. எனக்குள் இருந்த பத்திரிகைக்காரி விழித்துக்கொண்டாள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளை எடுத்து வைத்து மின்னஞ்சல் எழுதினேன். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்க முடியாது. வீடியோ பற்றி அந்த விதிகளில் ஒரு வார்த்தையும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து அந்த எண்ணையும் குறிப்பிட்டேன். மாவட்ட ஆணையத்தில் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது என்பதையும் மிகுந்த மரியாதையோடு சேர்த்துக்கொண்டேன். எழுதி முடித்து உரக்கப் படித்தேன், ரசித்து.

கேட்டுக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "எல்லாம் சரிம்மா. 'உடையும் பொருள்'னு மேலே எழுதியிருந்தா தூக்கிப் போட்டிருப்பாங்களா? நீதானே எதுவும் எழுதக் கூடாதுன்னே."

நான் பேசவில்லை. அவள் விடவில்லை. "மனு பாக்கர் ஜெயிச்ச அன்னிக்கு நீயும்தானே மிட்டாய் குடுத்தே, மேல் வீட்டுக்கும் சேர்த்து. நான் செய்யறதை மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கறே?"

மூன்றாம் நாள் கடைக்காரரே போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள்; அதில் வரும் எண்ணும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குக் காசு. 120க்கு 30க்கு 15 என்று ஒரு பெட்டி போட்டால் கணக்கு 10.8 கிலோ. நான்கு புறமும், மேலும் கீழும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு வைத்தால் பெட்டி 130க்கு 40க்கு 25 ஆகிவிடும். கணக்கு 26 கிலோ. உள்ளே இருப்பது என்னவோ அதே ஆறு கிலோதான். "பஞ்சுக்கு விலை இல்லை பஹன்ஜி. பஞ்சு பிடிக்கிற இடத்துக்குத்தான் விலை. இலவசமாக அனுப்பு என்றீர்கள். மேலே எழுதாதே என்றீர்கள். நான் எதை வைத்துக் காப்பாற்றுவேன்?"

நியாயம்தான். பாதி நியாயம். சிலிண்டரை ஒரு முழக் கயிற்றால் கட்டிப்போட எந்தக் கூரியரும் காசு கேட்பதில்லை என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வேலை செய்கிற பையன் புதுசு என்றார். எல்லாக் கடையிலும் தவறு நடக்கும் அன்று பையன் புதுசாகவே இருக்கிறான்.

சமாதானமாகப் போக நினைத்தேன். மரக்கட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றேன். சிலிண்டரில் லேசான ஒரு நசுங்கல் இருந்தது. அதனால் ஒன்றும் ஆகாது, உபயோகிக்கலாம் என்றார் அவர். மறுநாள் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அதைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அந்தச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்றை ஏற்றுவார்கள். கார் டயரில் இருப்பதைப் போல எண்பது, தொண்ணூறு மடங்கு. சுடும்போது அது மகளின் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும். நசுங்கிய சிலிண்டரில் ஒருக்காலும் காற்று ஏற்ற மாட்டேன் என்று சொல்லி அதைத் தன் மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மெட்ரோவில் நான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இயர்போன் மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டுக் கேட்டாள்.

இரண்டாவது மின்னஞ்சலில் விதி எண்கள் எதுவும் இல்லை. பயிற்சியாளர் சொன்னதை மட்டும் எழுதினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. புதுச் சிலிண்டர், புதுக் கட்டை இரண்டும் அனுப்புவதாக. அனுப்பும் செலவில் பாதியை நான் தருகிறேன், நன்றாகக் கட்டி அனுப்புங்கள் என்றேன். "மேலே?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

நடுவில் சில இரவுகள் குண்டு பொறுக்கினோம். ஒரு கண்ணாடிப் பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, குண்டை மேலிருந்து உருட்டி விடுவது. தலையும் பாவாடையும் ஒரே அளவில்லாததால் அது நேராக உருளாது; வட்டமடித்துப் போகும். நல்ல குண்டுகள் எல்லாம் ஒரே வளைவில் போகும். கோணியது நொண்டும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய தலைமுறை நான். இந்த வேலையில் மகளை ஜெயித்தேன். கையுறை போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட ஆயிரத்தில் 412 தேறியது. பொறுக்கும்போது அவள் நிறையப் பேசினாள். சுடுவதற்கு முன் இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அதற்காகக் காத்திருப்பேன் என்றாள். இரண்டு ஆண்டுகளாக அவளைக் கொண்டு விட்டு, கூட்டி வருகிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் போட்டிக்குப் பயிற்சிக் கூடத்தின் பழைய ரைபிளோடு போனாள். எத்தனையாவது இடம் என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

புதுப் பெட்டி அக்டோபரில் வந்தது. ஒட்டுப்பலகையில் செய்து ஆணி அடித்த பெட்டி. மூன்று பக்கமும் சிவப்பு மையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்து: ஏர் ரைபிள் உதிரிப் பொருள், விளையாட்டுக் கருவி, உடையும், தூக்கி எறியாதே. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பிரச்சினை என்னவென்றால் திறக்கவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் தேங்காய் உடைக்கும் அரிவாள். நான் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது மகள் மாடிக்குப் போய் வீட்டுக்காரரையே கூட்டி வந்துவிட்டாள், சுத்தியலும் கையுமாக.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று பக்கமும் நிதானமாகப் படித்தார். பிழை திருத்துவது போல. ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, ஒரு கிண்ணத்தில் போட்டார். மகள் ஒவ்வொன்றாக எடுத்து எதற்கு எது என்று விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இரண்டு வருஷமாக இந்தப் பெண் காலை ஐந்து மணிக்கு எங்கே போகிறாள் என்று நானும் என் மனைவியும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். ஏன் சொல்லவில்லை?" என்றார். டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அந்தப் பெட்டியில் இப்போது குளிர்கால ரஜாய்கள் இருக்கின்றன.

மீதி இருந்தது நொண்டிக் குண்டுகள். குப்பையில் ஈயத்தைப் போட மனம் வரவில்லை. மே விடுமுறைக்குச் சென்னை போனபோது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, புடவைகளுக்கு நடுவில் வைத்து ரயிலில் எடுத்துப் போனேன். மெரினாவில் பலூன் சுடும் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பலூனுக்கு எதுக்கும்மா ஜெர்மன் குண்டு?" என்றார். பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. பதிலுக்குப் பாப்பா பத்து பலூன் சும்மா சுடட்டும் என்று துப்பாக்கியை நீட்டினார். குறி பார்க்கும் முள் வளைந்த துப்பாக்கி. அவள் தூண் மாதிரி நின்று, மூச்சை அடக்கி, காத்திருந்து சுட்டாள். ஏழுதான் வெடித்தது.